குரங்கைக் கொல்வதால் தோட்டம் தப்புமா?

பல்லேகலயிலும் அதனை அண்டிய குண்டசாலை, திகன பகுதிகளிலும் வசிப்போருக்குக் குரங்குத் தொல்லை பற்றி எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. விடிந்ததும் கூரைமீது கேட்கும் ஓசையே அன்றைய இழப்பை அறிவித்துவிடுகின்றது. குரும்பையாகவே பறித்தெறியப்பட்ட தேங்காய், பாதி கடித்த பலாக்காய், குலையோடு நாசமான வாழை என அது நீள்கின்றது. இரவானால் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரவள்ளியைக் கிளறிவிடுகின்றன. வீட்டுத் தோட்டத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல. இதனால் பயிரிடுவதையே கைவிட்டோரும் உள்ளனர். அவர்களது கோபம் நியாயமானது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், கோபம் நியாயமானது என்பதற்காக அதிலிருந்து பிறக்கும் தீர்வும் சரியானதாகிவிடாது. இந்தப் பிரச்சினையில் கடந்த சில ஆண்டுகளாக நாம் கண்டுவருவது அவசரத் தீர்வுகளையே. ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023 ஆம் ஆண்டு ஏப்ரலில் முன்வைக்கப்பட்டது. சூழலியலாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். அவ்வாறான ஏற்றுமதி இடம்பெறாது என அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. தமது நிலத்துள் புகுந்து பயிரழிக்கும் விலங்குகள் தொடர்பில் விவசாயிகள் தமக்கு வேண்டிய நடவடிக்கையை எடுக்கலாம் என்ற கருத்தை 2024 டிசம்பரில் விவசாய அமைச்சர் கே.டி. லால்காந்த வெளியிட்டதும் சர்ச்சைக்குள்ளானது.

2025 மார்ச் 15 ஆம் திகதி காலையில் நாடளாவிய ரீதியில் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பொன்று நடத்தப்பட்டது. நாட்டில் 50 இலட்சத்துக்கும் அதிகமான செங்குரங்குகள் உள்ளதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. ஒரே கூட்டத்தைப் பல வீட்டார் எண்ணியிருக்கக்கூடும் என்பதால் இந்த எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். சிங்களத்தில் 'ரிலவா' எனப்படும் இந்தச் செங்குரங்கு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனமாகும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே பட்டியலிட்டுள்ளது.

கொல்வது ஏன் பயன் தராது? பொலன்னறுவையில் வூல்ப்காங் டிட்டஸ் 1968 ஆம் ஆண்டு ஆரம்பித்த ஆய்வு அரை நூற்றாண்டையும் கடந்தது. இயற்கை உணவை மாத்திரம் நம்பும் கூட்டங்களின் எண்ணிக்கை பெரிதும் மாறுவதில்லை என்பதும், மனிதர் வீசும் குப்பையும் எச்சமும் கிடைக்கும் கூட்டங்களே விரைந்து பெருகுகின்றன என்பதும் அதில் தெரியவந்தன. உணவு அங்கேயே இருக்கையில் சில குரங்குகளைச் சுட்டால், எஞ்சியவை பெருகி அந்த இடத்தை நிரப்பும். பிடித்து வேறு காட்டில் விட்டாலோ, அவை அக்காட்டை அண்டிய கிராமத்துக்குள் புகும். தொல்லை இடம் மாறுமேயன்றித் தீராது.

அதுமட்டுமன்றி, கொலைக்கருவி ஆள் பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அரிதான கருஞ்சிறுத்தை சில நாட்களில் உயிரிழந்தமை நினைவிருக்கலாம். மலையகத்தில் பன்றிக்கென வைக்கப்படும் சுருக்குகளில் சிறுத்தைகள் மடிவது வழமையாகிவிட்டது. பற்றைக்குள் மறைத்துக் கட்டப்படும் துப்பாக்கிக்கு மனிதரும் பலியாகின்றனர். கொழுந்து பறிக்கவும் விறகு பொறுக்கவும் செல்லும் தொழிலாளியே இந்த ஆபத்துக்கு முதலில் முகங்கொடுக்கின்றார்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஊருக்குள் வரும் கருங்கரடிகளைச் சுடுவதா, தடுப்பதா என்ற இதே விவாதம் நீண்டகாலமாக நடைபெறுகின்றது. கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில், கரடியால் திறக்க முடியாத குப்பைத் தொட்டிகள் வழங்கப்பட்ட பகுதிகளில் குப்பை தொடர்பான கரடித் தொல்லை ஏனைய பகுதிகளைவிட 60 சதவீதம் குறைந்திருந்ததாக 2018 இல் வெளியான ஆய்வு கூறியது. கரடிக்குக் கிடைத்த குப்பையே அங்கு குறைந்தது.

வட இந்தியாவின் மலை மாநிலமான ஹிமாச்சலப் பிரதேசம் மற்றுமோர் உதாரணமாகும். அங்கு குரங்குகளைக் கொல்ல 2016 இல் அனுமதி கிடைத்தும் மக்கள் அதில் நாட்டம் காட்டவில்லை. ஆனால் 2006 அளவில் தொடங்கிய கருத்தடைத் திட்டத்தின் கீழ் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான குரங்குகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 2004 இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை, 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1 இலட்சத்து 36 ஆயிரமாகக் குறைந்தது. இதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைக்கலாகாது. ஒரு கூட்டத்தின் பெண் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை அளித்தாலே பிறப்பு குறையும். இடையில் கைவிட்டால் செலவும் வீண், முயற்சியும் வீண்.

எனவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. கண்டி மாநகர சபையும் குண்டசாலை உள்ளிட்ட பிரதேச சபைகளும் குப்பையைத் திறந்தவெளியில் தேங்கவிடாது அகற்ற வேண்டும். மூடியுள்ள தொட்டிகள் கடைவீதிகளில் கட்டாயமாக்கப்பட வேண்டும். வீதியோரத்திலும் வழிபாட்டுத் தலங்களிலும் குரங்குகளுக்கு உணவூட்டும் பழக்கத்தை, அது இரக்கத்தால் செய்யப்படுவதாயினும், நாம் நிறுத்த வேண்டும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் விஞ்ஞான ரீதியான கணக்கெடுப்புடன் கருத்தடைத் திட்டத்தைத் தொடர்ச்சியாக முன்னெடுக்க வேண்டும். அதன் பலன் கிட்டும் வரையில் பயிரிழந்தவருக்கு உரிய நட்டஈடும், வேலியமைக்க உதவியும் அவசியமாகும்.

இந்த இறுதிக் கடமையை அரசு தட்டிக்கழித்தால் ஏனையவை யாவும் வெறும் உபதேசமாகிவிடும். நட்டத்தைத் தனியே சுமக்கும்படி விவசாயியை விட்டுவிட்டு அவரிடம் கருணையை எதிர்பார்ப்பது நீதியன்று. அவரது கைக்குத் துப்பாக்கியைக் கொடுப்பதும் அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவும் வழியே தவிர வேறில்லை.