பிரிவினைக் காலத்தில் ஒற்றுமையை நாடியவர்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"மாற்றுச் சபையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி நம் பள்ளி மலரில் எழுதலாமா, சிஸ்டர்?" என்று எங்கள் வகுப்பு ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். "நல்லதை நல்லது என்று எழுது, குறையைக் குறை என்று எழுது, இரண்டையும் அன்போடு எழுது" என்றார்கள். அந்தத் துணிவில், ரிச்சர்டு பாக்ஸ்டர் என்ற பியூரிட்டன் இறையியலாரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

பியூரிட்டன்கள் யார்? 1534-ஆம் ஆண்டில் அரசர் எட்டாம் ஹென்றியின் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபை திருத்தந்தையின் தலைமையை விட்டுப் பிரிந்ததை வரலாற்றில் படித்திருக்கிறோம். அந்தச் சபை இன்னும் தூய்மையாக வேண்டும், சடங்குகள் குறைய வேண்டும், விவிலியப் போதனை ஓங்க வேண்டும் என்று சிலர் போராடினர். 'தூய்மை பேசுகிறவர்கள்' என்று பிறர் ஏளனமாக வைத்த பெயரே பியூரிட்டன் என்பது.

பாக்ஸ்டர் 1615-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பிறந்தார். பல்கலைக்கழகப் படிக்கட்டை அவர் மிதித்ததில்லை. நூல்களே அவருக்கு ஆசான்கள். 1641-இல் கிடர்மின்ஸ்டர் என்னும் நெசவாளர் ஊருக்குப் போதகராக வந்தார். மறு ஆண்டே அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. சில காலம் பாராளுமன்றப் படையில் போதகராக இருந்துவிட்டு, 1647-இல் மீண்டும் அவ்வூருக்கே திரும்பினார்.

அங்கே அவர் செய்த பணிதான் அவருக்கு அழியாப் புகழ் தந்தது. பத்தாண்டு மறையுரை கேட்டும் தெளியாத சிலர், அரைமணி நேரம் தனியே பேசியதும் தெளிவு பெற்றதை அவர் கண்டார். ஆகவே திங்கள், செவ்வாய் இரு நாளும் அவரும் துணைப் போதகரும் குடும்பம் குடும்பமாக மக்களைச் சந்தித்து ஞானோபதேசம் கற்பித்தனர். ஊரில் 800-க்கு மேற்பட்ட குடும்பங்கள். வாரத்துக்குப் பதினைந்து, பதினாறு குடும்பங்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஓராண்டில் பங்கு முழுவதும் முடிந்துவிடும்! கூட்டம் பெருகவே ஆலயத்தினுள் ஐந்து மேல்மாடங்கள் கட்ட வேண்டியதாயிற்று. விவிலியம் வாங்க இயலாத ஏழைகளுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார். நெசவாளர்கள் தறியின் முன்னே புத்தகத்தை வைத்துக்கொண்டு நெய்தபடியே படித்தார்களாம்.

உடல்நலமோ அவருக்கு வாழ்நாள் முழுவதும் வாய்க்கவில்லை. சாவு நெருங்கிவிட்டது என்று எண்ணிய நாட்களில், விண்ணக இளைப்பாற்றியைப் பற்றி எழுதத் தொடங்கிய நூல் 1650-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது.

1660-இல் மன்னராட்சி திரும்பியது. ஹெர்ஃபர்டு நகரின் ஆயர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது, அவர் ஏற்கவில்லை. தம் நெசவாளர்களிடமே திரும்பிச் செல்ல விரும்பினார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. 1662-ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்கச் சபையின் செபநூலை முழுவதும் ஒப்புக்கொள்ளாதவர்களுக்குப் பணியில்லை என்றது. 1660 முதல் 1662 வரை ஏறத்தாழ 2,000 பேர் பணியிழந்தனர். அவர்களில் பாக்ஸ்டரும் ஒருவர்.

அதே ஆண்டில் மார்கரெட் சார்ல்டன் என்ற பெண்மணி அவரை மணந்தார். 1669-இல் கணவர் சிறை சென்றபோது, அவரும் மனமுவந்து சிறைக்கு உடன் சென்றார். 1681-இல் மார்கரெட் இறந்ததும் அவருடைய வாழ்க்கையைப் பாக்ஸ்டரே நூலாக எழுதினார். 1685-இல், எழுபதை நெருங்கிய வயதில், நீதிபதி ஜெஃப்ரீஸ் முன் நிறுத்தப்பட்டு, ஏளனத்துக்கு உள்ளாகி, ஒன்றரை ஆண்டுக் காலம் சிறையில் இருந்தார். 1691 டிசம்பர் 8-ஆம் நாள் இலண்டனில் இறந்தார்.

இனிக் குறையையும் சொல்ல வேண்டும். பாக்ஸ்டர் நம் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் பல நூல்கள் எழுதியவர். அக்காலத்தில் இங்கிலாந்தில் கத்தோலிக்கர் பட்ட துன்பம் சிறிதன்று. மார்கரெட் இறந்த அதே 1681-இல்தான் பேராயர் புனித ஆலிவர் பிளங்கெட் இலண்டனில் கொல்லப்பட்டார். இதைப் படித்தபோது என் மனம் வருந்தியது. இக்கட்டுரையை நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

ஆனால் அவர் இறந்தபின் 1696-இல் வெளிவந்த தன்வரலாறு என் எண்ணத்தை மாற்றியது. இளமையில் தாம் நினைத்தவற்றுள் எவை தவறு என்று அதில் அவர் தம்மையே சோதித்துப் பார்க்கிறார். கத்தோலிக்கரைப் பற்றிய தம் பழைய தீர்ப்பு மாறிவிட்டது என்றும், அவர்களிடையேயும் இறைவனுடைய தூயவர்கள் பலர் உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறார். கொள்கை வேறுபாட்டை அவர் கைவிடவில்லை, வெறுப்பைத்தான் குறைத்துக்கொண்டார். எதிரிகளை மன்னிப்பவர்கள் சிலர் உண்டு. தம் எண்ணமே தவறு என்று எழுதி வைப்பவர்கள் அதனினும் சிலரே.

எந்தக் கட்சிப் பெயரும் வேண்டாம், வெறும் கிறிஸ்தவன் என்றாலே போதும் என்பது அவர் நிலை. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1952-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தலைப்பு இதிலிருந்தே பிறந்தது. இன்றியமையாதவற்றில் ஒன்றுபட வேண்டும், ஐயமுள்ளவற்றில் உரிமை தர வேண்டும், அன்போ எங்கும் குறையக்கூடாது என்ற கருத்து அவருக்கு முன்பே தோன்றியது. ஆங்கிலேயரிடையே அதைப் பரப்பியவர் பாக்ஸ்டர். திருத்தந்தை புனித 23-ஆம் அருளப்பர் 1959-இல் எழுதிய சுற்றுமடலில் அதே கருத்தை எடுத்தாண்டிருக்கிறார் என்று அறிந்தபோது என் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

1662-இல் இங்கிலாந்தில் பிரிந்த இரு சாராரின் வழிவந்த சபைகள், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் நம் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தன. கிடர்மின்ஸ்டரிலும் 1875-இல் அந்த இரு சாராருமே ஒன்றுகூடி அவருக்குச் சிலை எழுப்பினார்கள். வாழ்ந்தபோது அவரால் ஒன்றுசேர்க்க முடியாதவர்கள், அவருடைய நினைவில் ஒன்றுசேர்ந்தார்கள்!

தோழியரே, நம் வகுப்பறையிலும் பல சபையினர், பல சமயத்தினர் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். நம் விசுவாசத்தில் உறுதியாக நிற்போம். அடுத்தவரிடம் உள்ள நன்மையையும் காண்போம். பாக்ஸ்டர் முதுமையை நோக்கிச் செல்லும் வயதில் கற்ற பாடத்தை நாம் இளமையிலேயே கற்றுக்கொண்டால் என்ன?