உங்கள் போனுக்கும் வெயில் சுடும்

சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். உட்காருவதற்குள் போனைக் கையில் கொடுத்துவிட்டார். "தொட்டுப் பாருய்யா, காய்ச்சக்காரப் பிள்ளை மாதிரி கொதிக்குது. நான் ஒண்ணுமே பண்ணலை, சார்ஜுலதான் போட்டேன்." போன் இருந்த இடத்தைப் பார்த்தேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பக்கத்தில் மேற்குப் பார்த்த சன்னல். போன் கிடந்தது, ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் செட்டாப் பாக்ஸ் மேல். கூரைச் சூடு, வெயில், பெட்டிச் சூடு என்று மூன்றும் அதன் மேல்தான் இறங்கிக்கொண்டிருந்தன.

போன், கணினி, கேம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். புதிதாக எது வந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் படித்துவிடுவேன். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. விளம்பரத்தில் வரும் எண்கள் பெரும்பாலும் இதமான அறையில் சோதித்து எடுத்தவை. நம் கரிசல் காட்டில் ஒரு போன் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை வெயிலும் தூசியும்தான் முடிவு செய்கின்றன.

போன் எவ்வளவு சூடு தாங்கும்? ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. ஆண்ட்ராய்டு போன்களின் கையேட்டைப் புரட்டினாலும் பலவற்றில் இதே அளவுதான் இருக்கும். கோடையில் நமக்குக் காலைச் சாப்பாடு முடிந்து வெளியே வரும்போதே அந்த 35 வந்துவிடும்.

"சூடாகிறது, கொஞ்ச நேரத்தில் ஆறிவிடுகிறது. இதில் என்ன நட்டம்?" என்று கேட்பீர்கள். போன் ஆறிவிடும். பேட்டரிக்கு ஆன சேதம் ஆறாது. போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி (லித்தியம் என்ற இலேசான உலோகத்தின் துகள்கள் இரண்டு தகடுகளுக்கு இடையே போய் வருவதால் மின்சாரம் தருவது). துகள்கள் போய் வரும்போதே உள்ளே வேண்டாத வேதிமாற்றமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். சூடு கூடினால் அது வேகமெடுக்கும். இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் இரண்டு நாள் தாங்குகிற மாவு சித்திரையில் ஒரே ராத்திரியில் பொங்கிப் புளித்துவிடும். புளித்த மாவை மறுபடி பச்சை மாவாக்க முடியாது.

எவ்வளவு சேதம் என்பதற்குப் பேட்டரிக்காரர்கள் அடிக்கடி காட்டும் ஒரு கணக்கு உண்டு. முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் அதன் கொள்ளளவு சுமார் 80 சதவீதமாகிவிடும். அதையே 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் 40 சதவீதம் மட்டும் சார்ஜ் ஏற்றி அதே 40 டிகிரியில் வைத்தால் 85 மிஞ்சும். கடைசி எண்ணைக் கவனியுங்கள். வெயிலை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் வெயில் நேரத்தில் பேட்டரியை முட்ட முட்ட நிரப்பி வைக்காமல் இருக்க முடியும்.

அப்படியானால் எப்போது சார்ஜ் போடுவது? விடியற்காலையில். நம் ஊரில் தளம் போட்ட வீடு பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். எழுந்ததும் போட்டு, வாசல் தெளித்துக் காப்பி குடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இராத்திரி முழுக்கப் போடுவதுதான் வழக்கம் என்றால், செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குப் போய் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். இப்போது வரும் பல போன்களில் இருக்கிறது. தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் வைத்துச் சார்ஜ் போடவே போடாதீர்கள். கல் தரை, மரப் பலகை நல்லது. கவரைக் கழற்றிவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது.

சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த போனின் உள்ளேயும் ஈரம் படியும். பேன் காற்றில் கவர் இல்லாமல் பத்து நிமிடம் வைத்தால் போதும்.

"கிராமத்தில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, அது போனைக் கெடுக்காதா?" நல்ல சார்ஜராக இருந்தால் குறைந்த வோல்டேஜ் ஒன்றும் செய்யாது. சார்ஜரில் பொடி எழுத்தில் 100-240 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த இரண்டு எண்களுக்கு இடையே எது வந்தாலும் சமாளிக்கும் என்று பொருள். அதே இடத்தில் பிஐஎஸ் முத்திரையும் (இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அடையாளம்) 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் மலிவாகக் கிடைக்கும் சார்ஜரில் இந்த எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இனி பிள்ளைகள் விஷயம். கேம் விளையாடினால் ஏன் இவ்வளவு கொதிக்கிறது? படம் பார்க்கும்போது, முன்பே எடுத்து வைத்த காட்சியைப் போன் திரையில் ஓட்டினால் போதும். கேமில் ஒவ்வொரு காட்சியையும் அந்தந்த நொடியில் அதுவேதான் வரைய வேண்டும். திரை நொடிக்கு 60 காட்சி காட்டுகிறது என்றால், மூன்று நிமிடத்தில் பத்தாயிரத்துக்கு மேல் படம் வரைந்திருக்கும். அந்த உழைப்பு அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். பெரிய கணினியில் அதை வெளியே தள்ள விசிறி இருக்கிறது. பெரும்பாலான போன்களில் கிடையாது. அதனால் ஓர் அளவுக்கு மேல் போனால் சில்லு (போனின் மூளைப் பகுதி) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பையன் "அப்பா, போன் ஹேங் ஆகுது, புதுசு வாங்கிக் கொடுங்க" என்பது பல வீடுகளில் இந்த நேரத்தில்தான். போன் கெட்டுப்போகவில்லை. வேலைக்குப் போன ஆள் உச்சிவெயிலில் புளியமரத்தடியில் ஒதுங்குவது போல, அது கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது.

கேமை நிறுத்தச் சொல்லி நான் எழுதமாட்டேன். விளையாடுகிற பிள்ளைகளின் கைவேகமும் கூட்டாகத் திட்டம் போடுகிற திறமும் எனக்குப் பிடிக்கும். இரண்டு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். கேமின் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் (காட்சித் தரம்) என்ற இடத்தில் ஒரு படி குறைக்கலாம், நொடிக்கு எத்தனை காட்சி என்பதையும் ஒரு படி குறைக்கலாம். ஆறு அங்குலத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது, சூடு நன்றாகக் குறையும். இன்னொன்று, சார்ஜில் போட்டுக்கொண்டே விளையாடுவதை நிறுத்த வேண்டும். சார்ஜ் ஏறுவதும் சூடு, கேமும் சூடு. கேமுக்கென்றே வரும் சில போன்களில் பைபாஸ் சார்ஜிங் (மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராகப் போனுக்குப் போவது) இருக்கிறது. அது இருந்தால் பரவாயில்லை.

கேமுக்காகவே போன் வாங்குகிறீர்களா? யூடியூபில் ஒருவர் லட்சக்கணக்கில் மதிப்பெண் காட்டினால் அதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அது முதல் சில நிமிட ஓட்டம். 3டிமார்க் என்ற சோதனைச் செயலியில் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' ஒன்று உண்டு. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப 20 முறை, 20 நிமிடம் ஓட்டி, மோசமான ஓட்டம் நல்ல ஓட்டத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்லும். 95 என்றால் சூட்டிலும் நிற்கிற போன். 60 என்றால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும். நான் போன் பார்க்கும்போது முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

இதே கதையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கமுதிப் பக்கம் போய்ப் பாருங்கள். 2016-இல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கண்ணுக்கு எட்டிய வரை தகடாகத் தெரியும். சூரியத் தகட்டின் பின்னால் எழுதியிருக்கும் வாட் கணக்கும் 25 டிகிரியில் சோதித்து எழுதியதுதான். அதற்கு மேல் தகடு சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் குறையும். வெயில்தான் அதற்குச் சோறு, அதே வெயில்தான் அதற்குச் சுமை. தூசி படிந்தாலும் குறையும் என்பதால் அங்கே ரோபோக்களைக் கொண்டு தகடுகளைத் துடைக்கிறார்கள்.

தூசி என்றதும் நம் வீட்டுப் போனுக்கு வருவோம். "புது வயர் போட்டும் சார்ஜ் ஏறவில்லை, ஆட்டினால் ஏறுகிறது" என்ற புகாரை நான் கேட்காத வாரம் கிடையாது. போன மாதம் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரின் போன் அப்படித்தான் இருந்தது. அவர் வீட்டில் தறி ஓடுகிறது. போனை அணைத்துவிட்டு, மூங்கில் பல்குச்சியின் நுனியைச் சார்ஜர் சொருகும் ஓட்டையின் ஓரமாக விட்டு மெல்ல நெம்பினேன். சாம்பல் நிறத்தில், உளுந்து அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. பிரித்துப் பார்த்தால் சட்டைப்பைப் பிசிறு, தறிப் பஞ்சு, கரிசல் மண் மூன்றும் சேர்ந்து திரிபோல் இறுகியிருந்தது. வயரைச் சொருகியதும் 'டக்' என்று உட்கார்ந்தது. ஊசி, சேஃப்டி பின் போன்ற உலோகத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி வளைந்துவிடும். பழைய மடிக்கணினி அடிக்கடி சூடாகி அணைந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். விசிறி வாயில் படிந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

போன் வாங்கும்போது ஐபி என்ற எழுத்தோடு இரண்டு எண் போட்டிருப்பார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே போகவே போகாது. அதுதான் உச்ச அளவு. எல்லோரும் 'வாட்டர் ப்ரூஃபா' என்று இரண்டாவது எண்ணையே கேட்கிறார்கள். கரிசலில் இருக்கும் நமக்கு முதல் எண் முக்கியம். தண்ணீர்ச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். நம் பக்கத்து உப்புத்தண்ணீர்க் கிணற்றை நம்பி அந்த எண்ணைச் சோதிக்க வேண்டாம்.

பைக்கில் போனை மாட்டி மேப் பார்த்துப் போகலாமா? நானும் அப்படிப் போனேன். திருச்சுழி போகும் சாலையில் பாதி வழியில் திரை மங்கி, சூடு எச்சரிக்கை வந்து, வழி காட்டுவது நின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடி, நேர் வெயில், முழு வெளிச்சம் என்றால் வேறென்ன ஆகும்? இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பெரிய மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு கேமராவில் இருக்கும் ஓஐஎஸ் (கை நடுங்கினாலும் படம் கலங்காமல் பார்த்துக்கொள்ளும் நுண்ணிய பகுதி) கெட்டுப்போகக் காரணமாகலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. வழியை ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, குரல் வழிகாட்டியைப் போட்டுப் போனைப் பையில் வையுங்கள்.

பேட்டரி சீக்கிரம் தீர்வதற்குச் சிக்னலும் ஒரு காரணம். டவர் தூரத்தில் இருந்தால் போன் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கும். அதற்குச் சக்தி அதிகம் செலவாகும். காட்டு வேலைக்குப் போகும் இடத்தில் சிக்னலே இல்லையென்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கும்.

பழைய போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள். திரையில் 15 இலக்க எண் வரும். அது ஐஎம்இஐ (போனின் பிறப்பு எண்). மெசேஜில் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணும் அடித்து 14422-க்கு அனுப்பினால் அரசின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். தடை செய்யப்பட்டது, போலி எண் என்று வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது திருட்டுப் போனாக இருக்கலாம்.

கடைசியாக, போனின் முதுகு உப்பியிருந்தால் என்ன செய்வது? திரை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், மேசையில் வைத்தால் ஆடும். பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்திப் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். குப்பையில் போடாமல் சர்வீஸ் கடையில் கொடுத்து மாற்றுங்கள். போன் நன்றாக இருக்கும்போது பேட்டரி மட்டும் தளர்ந்துவிட்டதென்றால் புதுப் போன் தேவையில்லை, பேட்டரியை மாற்றினாலே இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம்.

பெரியம்மாவின் போனுக்கு நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. கவரைக் கழற்றினேன். செட்டாப் பாக்ஸ் மேலிருந்து எடுத்து, கிழக்குச் சுவரில் இருந்த பிளக்குக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தேன். 80-இல் நிற்கும்படி செட்டிங்ஸை மாற்றினேன். ஒரு வாரம் கழித்துப் பேசியபோது, "இப்பம் கொதிக்கலைய்யா. ஆனா எம்பதுக்கு மேல ஏற மாட்டேங்குதே, ரிப்பேரா?" என்று கேட்டார். அது ரிப்பேர் இல்லை பெரியம்மா, நான்தான் அப்படி வைத்திருக்கிறேன் என்று விளக்கிச் சொன்னேன்.