ஒரே நிலா, ஊருக்கு ஊர் கொழுக்கட்டை!

போன வருஷக் கொலுவுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கொரியப் பெண்மணி தன் சின்னப் பையனுடன் சுண்டலுக்கு வந்திருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் தயாராக ஆரம்பித்ததிலிருந்தே எங்கள் தண்டலம் பக்கம் கொரியர்கள் புதிதல்ல. அவர்கள் போனதும் என் பத்து வயதுப் பெண் கேட்டாளே ஒரு கேள்வி!

"ஏம்மா, அவங்களுக்கெல்லாம் பண்டிகையே கிடையாதா? பாவம்!"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக நானும் ஒருவரைக்கூடக் கேட்டதில்லையே! மறுநாளே அந்த அம்மாளிடம் போனேன். கொஞ்சம் இங்கிலீஷ், மீதி கைஜாடை.

கொரியாவில் இலையுதிர் காலப் பௌர்ணமியில் 'சூசோக்' என்ற அறுவடைப் பண்டிகை. புது அரிசியில் சமைத்து முதலில் முன்னோர்களுக்குப் படைக்கிறார்கள். நமக்கும் பெரும்பாலான வருஷங்களில் அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள்தானே மஹாளயபட்சம் ஆரம்பம்! அன்றைய பலகாரம் 'சோங்பியான்'. அரிசி மாவுக்குள் எள்ளுப் பூரணம் வைத்து, அரை நிலா போல மடித்து, பைன் இலை பரப்பி ஆவியில் வேகவைப்பது. அசல் நம் கொழுக்கட்டைதான்!

அதே நிலாவுக்குச் சீனர்கள் நிலா கேக் செய்து, வண்ண விளக்குகள் ஏற்றுகிறார்கள். ஜப்பானியர் அரிசி உருண்டை படைக்கிறார்கள். நம் குழந்தைகளுக்கு நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். கொரியா, ஜப்பான் குழந்தைகளுக்கோ அங்கே ஒரு முயல் உரலில் இடித்துக் கொண்டிருக்கிறது!

சகோதரிகளே, இதையெல்லாம் பாடம் மாதிரி ஒப்பிக்காதீர்கள். அடுப்படியில் ஆரம்பியுங்கள். பிள்ளையார் சதுர்த்தி மாவில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பௌர்ணமியன்று உப்புப் போட்ட கொதிநீரில் கிளறிப் பிசைந்து, வறுத்துப் பொடித்த எள்ளும் சர்க்கரையும் வைத்துக் குழந்தைகளையே மடிக்கச் சொல்லுங்கள். வாழையிலையில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆவியில் வேகட்டும். இட்லிப் பானையைத் திறப்பது மட்டும் உங்கள் வேலை. காகித விளக்கு செய்தால் மெழுகுவத்தி வேண்டாம். சின்ன டார்ச் போதும்.

ஆயுத பூஜைக்கு லாரிகளுக்கெல்லாம் செண்டுமல்லி மாலை போடுகிறோமே, அந்தப் பூவின் தாய்நாடு மெக்சிகோ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில், இறந்தவர்கள் வீட்டுக்கு வழி தெரிந்து வரட்டும் என்று அதே பூவின் இதழ்களைத் தூவிப் பாதை போடுகிறார்கள். மாலை கட்டும்போது இதைச் சொல்லுங்கள். குழந்தை மறக்கவே மறக்காது.

இந்த வருஷம் பௌர்ணமியன்று, என் பெண் தானே மடித்த கோணல்மாணல் கொழுக்கட்டைகளைத் தட்டில் வைத்து அந்த வீட்டுக்கு எடுத்துப் போனாள். பையன் ஒன்றை எடுத்துக் கடித்தான். உடனே உள்ளே ஓடி, கூச்சல் போட்டு அம்மாவை அழைத்து வந்தானாம்!

தட்டு வெறுமனே திரும்பவில்லை. இரண்டு ஆப்பிள் வந்தது.

"அம்மா, தட்டை வெறுமனே தரக்கூடாதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு!" என்றாள் என் பெண். இந்தத் தடவை 'பாவம்' என்று சொல்லவில்லை.