பழைய துப்பாக்கிக்குப் புதுத் தோட்டா
அளவு தவறினால் ஆளுக்கே ஆபத்து!

அமெரிக்க நாட்டில் பெயர் பெற்ற பழைய துப்பாக்கி ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்பிரிங்பீல்டு. 1873-ஆம் ஆண்டில் அந்த நாட்டு ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்ததால் அந்தப் பெயர் வந்தது.

அது ஒற்றை வேட்டுத் துப்பாக்கி. ஒரு தோட்டாதான் போடலாம். ஒரு முறைதான் சுடலாம். பிறகு மூடியைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைப் போட வேண்டும்.

அந்த மூடி, பெட்டியின் மூடி போல மேல் நோக்கித் திறக்கும். அதனால் "டிராப்டோர்" என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். தரையில் பதித்த கதவு என்று பொருள்.

1892-ஆம் ஆண்டில் ராணுவம் வேறு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆனாலும் இந்தக் கிழட்டுத் துப்பாக்கி ஓய்வு பெறவில்லை. இன்றும் அமெரிக்காவில் பலர் இதை வைத்துக் குறி பார்த்துச் சுடுகிறார்கள். அதற்கு வேண்டிய தோட்டாவையும் தாங்களே தயார் செய்கிறார்கள். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கிறார்கள். மருந்தை நிறுத்து அடைக்கிறார்கள்.

"கடையில் தோட்டா கிடைக்காதா?" என்று கேட்பீர்கள்.

கிடைக்கும். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது!

ஒரே உருவம், வேறு பலம்

இந்தத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு "45-70" என்று பெயர். குழலின் துளை ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் 45 பங்கு. மருந்தின் அளவு 70 கிரெயின்.

கிரெயின் என்பது ஒரு சிறிய எடை. நம் நாட்டுப் பழைய கணக்கில் ஒரு தோலாவுக்கு 180 கிரெயின். 70 கிரெயின் என்றால் சுமார் நாலரை கிராம். குண்டின் எடை 405 கிரெயின். அதாவது சரியாக இரண்டேகால் தோலா!

இதே 45-70 தோட்டா இன்றும் விற்கிறது. அதைச் சுடுவதற்குப் புதிய துப்பாக்கிகளும் வந்திருக்கின்றன. அவை உறுதியான எஃகினால் ஆனவை. மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். அவற்றுக்கென்றே கடுமையான மருந்து அடைத்த தோட்டாக்களும் உண்டு.

அந்தத் தோட்டாவைப் பழைய ஸ்பிரிங்பீல்டில் போட்டால் என்ன ஆகும்?

தோட்டா நுழையும். மூடியும் மூடும். விசையை இழுத்தால் குதிரையும் அடிக்கும். ஆனால் பழைய உலோகமும், மூடியைப் பிடித்திருக்கும் கீலும் அந்த வேகத்தைத் தாங்க மாட்டா. துப்பாக்கி வெடித்துச் சிதறலாம். அந்த மூடி இருப்பது சுடுகிறவரின் முகத்துக்கு அருகில்!

இதனால்தான், தோட்டா அடைக்கும் கணக்குப் புத்தகங்கள் பலவற்றில் 45-70 தோட்டாவுக்கு மூன்று தனித்தனி அட்டவணைகள் இருக்கின்றன. பழைய துப்பாக்கிக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, மிக உறுதியானதற்கு ஒன்று. பக்கம் மாறினால் உயிருக்கு ஆபத்து.

இரண்டு வகை மருந்து

1873-இல் துப்பாக்கிக்குப் பயன்பட்டது கருமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது அது. சுட்டால் வெள்ளைப் புகை மேகம் போல எழும்பும். குழலுக்குள் கரி அப்பிக்கொள்ளும்.

1884-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பால் வியேல் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அது கருமருந்தைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது. கொஞ்சம் போட்டாலே போதும்.

ஆனால் 45-70 தோட்டாவின் கூடு பெரியது. கருமருந்துக்காகச் செய்தது. அதில் புகையில்லா மருந்தைச் சிறிதளவு போட்டால் கூட்டின் அடியில் கிடக்கும். மறதியாக இரண்டாம் முறையும் போட்டுவிட்டால் வழியாது. வெளியே தெரியாது!

ஆகவே அனுபவசாலிகள் குண்டை வைத்து மூடுவதற்கு முன்பு, ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பார்கள். மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு.

குதிரை வீரனுக்குக் குறைந்த அளவு

"மருந்து கூடினால் நல்லது" என்ற எண்ணம் தவறு. இதை அமெரிக்க ராணுவமே அன்று உணர்ந்திருந்தது.

காலாட்படை வீரரின் துப்பாக்கி நீளமானது, கனமானது. அதற்கு 70 கிரெயின் மருந்து. குதிரைப்படை வீரரின் துப்பாக்கி குட்டையானது, இலேசானது. 70 கிரெயின் மருந்தைப் போட்டால் தோளில் பலமாக உதைத்தது. ஆகவே குதிரைப்படைக்கு 55 கிரெயின் என்று குறைத்தார்கள்.

ஒரே வகைத் துப்பாக்கிதான். ஆனாலும் அளவு வேறு!

1879-ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்தில் சாண்டி ஹூக் என்ற கடற்கரையில் ராணுவத்தார் ஒரு சோதனை நடத்தினார்கள். 2,000 கெஜத்துக்கும் அப்பால் சுட்டுப் பார்த்தார்கள். நீண்ட தூரத்துக்குக் கனமான குண்டே நல்லது என்று தெரிந்தது. அதன் பிறகு 500 கிரெயின் குண்டு வந்தது. மருந்தைக் கூட்டவில்லை. குண்டைத்தான் மாற்றினார்கள்.

போர்க்களத்தில் சிக்கிய கூடு

தோட்டாவில் சிறு குறை இருந்தாலும் நெருக்கடியில் அது பெரிதாகிவிடும்.

1876-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி. மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. லகோடா, செயேன் பழங்குடி மக்கள் மீது கஸ்டர் என்ற படைத்தலைவர் குதிரைப்படையுடன் பாய்ந்தார். கஸ்டரும் அவருடன் நின்ற சுமார் 210 பேரும் மாண்டார்கள்.

அந்தப் படை வைத்திருந்தது குட்டை ஸ்பிரிங்பீல்டு. அன்றைய தோட்டாக் கூடு செம்பினால் ஆனது. செம்பு மெத்தென்ற உலோகம். துப்பாக்கி சூடேறி, கரியும் படிந்தால், கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும்.

"அதனால்தான் படை தோற்றது" என்று வெகு காலம் பேசினார்கள். 1983-இல் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்துப் புல் எல்லாம் எரிந்தது. மறு ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். நெம்பிய அடையாளம் சில கூடுகளில் மட்டுமே இருந்தது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் அல்ல என்று தெரிந்தது. ஆனாலும் குறை உண்மைதான். பிற்பாடு செம்புக் கூடு போய்ப் பித்தளைக் கூடு வந்தது.

குழலை அளப்பது எப்படி?

இனி, இன்று ஒருவர் இந்தத் துப்பாக்கிக்கு எப்படித் தோட்டா தயார் செய்கிறார் என்று பார்ப்போம்.

முதலில் துப்பாக்கியைத் தேர்ந்த கம்மியரிடம் காட்டுவார். மூடி ஆடுகிறதா, கீல் தேய்ந்திருக்கிறதா, குழல் துருப்பிடித்திருக்கிறதா என்று அவர் சோதிப்பார். "இது சுடத் தகுந்ததல்ல" என்று சொன்னால், சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டியதுதான்.

தேறிவிட்டால் அடுத்தது குழலை அளப்பது. குழலுக்குள் திருகாணி மரை போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. குண்டைச் சுழல வைப்பவை அவைதாம். இந்தத் துப்பாக்கியில் குண்டு 22 அங்குலம் போவதற்குள் ஒரு முறை சுழலும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டு புரளாமல் போகும்.

குழலின் அளவு 0.458 அங்குலம் என்பது ஏட்டுக் கணக்கு. பழைய குழல்கள் எல்லாம் அப்படியே இருப்பதில்லை. சில 0.460-க்கும் மேல் இருக்கும். ஆகவே மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழலின் ஒரு முனையில் வைத்து, மறு முனை வரை மெல்லத் தள்ளுவார். வெளியே வரும் துண்டில் குழலின் உருவம் அப்படியே பதிந்திருக்கும். அதை நுட்பமான கருவியால் அளப்பார். குண்டு அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பெரிதாக இருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நம் தலைமுடியின் பருமனில் பாதி கூட இல்லை!

குண்டு சிறிதாக இருந்தால் நெருப்பும் புகையும் அதன் ஓரமாக நுழைந்து ஓடும். ஈயம் உருகிக் குழலில் ஒட்டும். குறி தப்பும்.

காரீயமும் வெள்ளீயமும்

குண்டுக்கு வேண்டியது காரீயம். மீன் வலையில் கட்டும் குண்டு இந்த ஈயம்தான். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். இரண்டும் வேறு. காரீயம் நஞ்சு.

காரீயம் மட்டும் போட்டால் குண்டு மிகவும் மெத்தென்று இருக்கும். அச்சில் சரியாக நிரம்பாது. ஆகவே இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ப்பது வழக்கம்.

காரீயம் 327 டிகிரி சூட்டில் உருகும். அதற்கு மேலும் கொஞ்சம் சூடாக்கி, கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவார்கள். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். அதிகம் சூடேறினால் உறைபனி படிந்தது போலக் குண்டு மங்கும். நல்ல குண்டு வழவழப்பாக, அடிப்பாகம் கூர்மையான விளிம்போடு இருக்கும்.

பிறகு ஒவ்வொரு குண்டையும் தராசில் போடுவார்கள். எடை குறைந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது என்று பொருள். அந்தக் குண்டு மறுபடியும் சட்டிக்கே போகும். நல்ல குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசையைத் தடவுவார்கள். குழலில் படியும் கரி இறுகாமல் இருக்க அது உதவும்.

இந்த வேலையில் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஈரம் போய்விட்டால் நொடியில் ஆவியாகி, ஈயத்தை வெளியே வாரி இறைக்கும். வியர்வைத் துளிக்கும் இடம் கொடுக்கக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

மற்றொன்று, நஞ்சு. காற்றோட்டமான இடத்தில்தான் உருக்க வேண்டும். அங்கே எதையும் தின்னக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பினால் கழுவ வேண்டும். சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது. பிள்ளைகளை அண்ட விடக் கூடாது. குழந்தைகளுக்குக் காரீயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கேடுதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

ஐந்து ஐந்தாக!

குண்டு தயார். மருந்து எவ்வளவு?

இங்கேதான் பொறுமை வேண்டும். புத்தகத்தில் உள்ள அளவுகளில் மிகக் குறைந்ததில் தொடங்குவார்கள். அந்த அளவில் ஐந்து தோட்டா. அடுத்து, கொஞ்சம் கூட்டி ஐந்து. இன்னும் கொஞ்சம் கூட்டி ஐந்து. ஒவ்வொரு ஐந்தையும் தனித்தனித் தாளில் சுடுவார்கள்.

ஐந்து துளைகளும் நெருங்கி விழுந்தால், அந்த அளவைத் துப்பாக்கி விரும்புகிறது என்று பொருள். சிதறி விழுந்தால் விரும்பவில்லை. துளை வட்டமாக இல்லாமல் நீளமாக இருந்தால், குண்டு புரண்டு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நெருங்கி விழுந்த அளவைக் கண்டதும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கூட்ட ஆசைப்படக் கூடாது.

கருமருந்துக்கு இன்னொரு விதி உண்டு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கக் கூடாது. மருந்தைச் சற்று அழுத்தி, அதன் மேல் குண்டு உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் குழல் கெடும்.

இன்றைய பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் பழையதைவிடத் தடிமன். அதனால் 70 கிரெயின் மருந்து அதில் எளிதில் கொள்ளாது. பலர் அதற்குக் குறைவாகவே போடுகிறார்கள். குறியும் நன்றாகவே விழுகிறது!

சுட்ட பிறகு, காலியான குழலின் பின்பக்கத்தில் ஒரு சிறு குழாயை வைத்து வாயால் ஊதுவார்கள். மூச்சிலுள்ள ஈரம் கரியை இளக்கும். அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் கொண்டு குழலைக் கழுவிவிடுவார்கள். விட்டால் மறுநாளே துரு ஏறத் தொடங்கும்.

எருமை உருவில் இரும்பு

மொன்டானா மாநிலத்தில் போர்சைத் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பழங்காலத் துப்பாக்கிகளுக்கென்று போட்டி நடக்கிறது. சுமார் 800 கெஜ தூரத்தில் காட்டெருமை உருவில் இரும்புத் தகடு நிற்கும். சுட்டவருக்கு முதலில் புகை தெரியும். சற்றுப் பொறுத்து "டங்" என்று தகட்டின் ஓசை வரும். வேகத்தால் வந்ததல்ல அந்த ஓசை. நிறுத்து நிறுத்து, அளந்து அளந்து செய்த வேலையால் வந்தது.

நம் நாட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்.

ஆனால் இந்தப் பழைய துப்பாக்கி சொல்லும் பாடம் எந்தத் தொழிலுக்கும் ஏற்றது. கருவி எவ்வளவு தாங்கும் என்று முதலில் தெரிந்துகொள். குறைந்த அளவில் தொடங்கு. ஒவ்வொரு படியிலும் நின்று பார். போதும் என்ற இடத்தில் நிறுத்து.

இப்படி நடந்துகொண்டவர்களின் கையில், 1873-ஆம் ஆண்டில் பிறந்த ஸ்பிரிங்பீல்டு இன்றும் பத்திரமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது.