உங்களுக்குத் தெரியுமா? திருவனந்தபுரத்துப் படிகங்கள்

கோவளம் கடற்கரையில் அலை வந்து போன இடத்தில் மணல் கறுப்பு வரிகளாகக் கிடக்கும். அழுக்கு என்று பலர் ஒதுங்கி நடப்பார்கள். ஒரு சிட்டிகை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கரிய மணிகள் இல்மனைட். இளஞ்சிவப்பு கார்னெட். தேன் நிறத்தில் உருண்டையாக ஒன்றிரண்டு தென்பட்டால் அவை மோனசைட்டாக இருக்கலாம். அத்தனையும் படிகங்கள்.

உள்ளே அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருந்தால் அது படிகம். சமையலறை உப்பும் அப்படித்தான். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம். 1 மில்லிமீட்டர் உப்புத் துகளின் ஒரு விளிம்பில் மட்டும் சுமார் 35 லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன!

கண்ணுக்குத் தெரியாத இந்த அடுக்கை எப்படி அளந்தார்கள்? எக்ஸ் கதிரின் அலைநீளமும் அணு அடுக்குகளின் இடைவெளியும் ஏறத்தாழ ஒரே அளவு. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் ஒன்றுசேர்ந்து வலுக்கும். அந்தக் கோணத்தை அளந்தால் இடைவெளி கைக்கு வந்துவிடும். 1913-ல் உப்பின் அமைப்பை இப்படிக் கண்டு சொன்னவர்கள் பிராக் தந்தையும் மகனும். 1915-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது மகன் லாரன்ஸுக்கு வயது 25.

கொச்சுவேளியில் 1946-ல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை, இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை எடுக்கிறது. அது அனடேஸ் வகை. கொல்லம் பக்கம் சவரா ஆலையில் எடுப்பது ரூட்டைல் வகை. இரண்டும் அதே டைட்டானியம், அதே ஆக்சிஜன். இரண்டிலும் ஒவ்வொரு டைட்டானியத்தைச் சுற்றி 6 ஆக்சிஜன் நின்று ஓர் எண்முகம் உருவாகிறது. அந்த எண்முகம் தன் அண்டை எண்முகங்களோடு ரூட்டைலில் 2 விளிம்புகளையும், அனடேஸில் 4 விளிம்புகளையும் பகிர்ந்துகொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குள் எத்தனை மாற்றம்! ரூட்டைல் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2 கிராம், அனடேஸ் 3.9. ரூட்டைல் ஒளியை அதிகம் வளைப்பதால் பழைய சுவரின் கறையை நன்றாக மறைக்கும். அனடேஸ் கலந்த பெயின்ட் வெயிலில் சீக்கிரம் மாவாக உதிரும் என்பதால் வெளிச்சுவருக்கு ரூட்டைல்தான் வேண்டும். படிகவியலை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நெடுமங்காடு வட்டத்து வெள்ளநாட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராஃபைட் வெட்டி எடுத்தார்கள். வைரமும் கிராஃபைட்டும் கார்பன்தான். அடுக்கு மாறியதில் ஒன்று கண்ணாடியை அறுக்கிறது, மற்றது காகிதத்தில் எழுதுகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்து மண்ணில் வைடூரியம் கிடைக்கிறது. பெரிலியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த கிரைசோபெரில் அது. மோஸ் அளவுகோலில் கடினம் 8.5. கல்லைத் திருப்பத் திருப்ப நகரும் அந்தப் பூனைக்கண் கோடு எங்கிருந்து வருகிறது? படிகத்துக்குள் மிக நுண்ணிய ஊசிகளும் குழல்களும் ஒரே திசையில் இணையாகக் கிடக்கின்றன. பாலராமபுரத்துக் கசவு நூல்கண்டில் வெளிச்சம் பட்டால் நூலுக்குக் குறுக்கே ஒரு பளிச்சிடும் கோடு ஓடுமே, அதே கணக்கு. கல்லை அறுப்பவர் ஊசிகளின் திசையைக் கண்டுபிடித்து, அடிப்பாகம் அதற்கு இணையாக வரும்படி வளைமுகமாக வெட்ட வேண்டும். திசை தவறினால் கண் திறக்காது.

கிரைசோபெரிலின் சில அலுமினிய இடங்களில் குரோமியம் அமர்ந்தால் அது அலெக்சாண்ட்ரைட். பகலில் பச்சை, குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பு. அதுவும் இந்த மாவட்டத்தில் கிடைத்திருக்கிறது.

1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். மோனசைட்டில் இருக்கும் தோரியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கதிர்வீசித் தன் வீட்டையே இடித்துக்கொண்டிருக்கிறது. இத்தகைய இடிக்குச் சிர்கான் என்ற கனிமத்தின் அணு ஒழுங்கு மெல்ல மெல்லக் குலைந்துபோகும். மோனசைட்டோ குலைந்ததைத் தானே சரிசெய்துகொண்டு படிகமாகவே நிற்கிறது. அணுக்கழிவைப் பூட்டிவைக்க இந்த அமைப்பை விஞ்ஞானிகள் ஆராய்வது அதனால்தான்.

மண்ணில் மட்டுமல்ல, ராக்கெட்டிலும் படிகம் உண்டு. திட எரிபொருள் ராக்கெட்டுகளில் ஆக்சிஜன் தருவது அம்மோனியம் பெர்குளோரேட் என்ற வெள்ளைப் படிகம். சுமார் 240 டிகிரி செல்சியஸில் அதன் அணுக்கூடு செவ்வகப் பெட்டி வடிவிலிருந்து கனசதுரத்துக்கு மாறிவிடும்.

உப்பின் அடுக்கை அளந்த அதே எக்ஸ் கதிர் உடலின் அமைப்பையும் காட்டித் தந்தது. எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்த ஜி.என். ராமச்சந்திரனும், கேரளத்துக்காரரான கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கங்காரு வால் தசைநாணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி ஆராய்ந்தார்கள். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன், மூன்று இழைகள் முறுக்கிய சுருள் என்று 1954-ல் அறிவித்தார்கள். நோபலுக்குத் தகுதியான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த முறுக்கின் நடுவே இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தாக வேண்டும். மரபணுப் பிழையால் அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால், லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் நோயோடு குழந்தை பிறக்கக்கூடும்.