காற்றுச்செடிக்குக் காற்று வேண்டும்

பொந்தியான் வட்டாரத்தின் கரிய சதுப்பு மண்ணில் விளையும் அன்னாசியை அறியாத ஜொகூர்க்காரர் இருக்க மாட்டார். அந்த அன்னாசி சேர்ந்திருக்கும் புரோமிலியேசி குடும்பத்தைச் சேர்ந்ததுதான் டில்லான்சியா என்னும் காற்றுச்செடி. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், சுவரில் மாட்டினால் போதும் என்று சொல்லி விற்கப்படும் இந்தச் செடி பல வீடுகளில் சில மாதங்களிலேயே அடி கறுத்து, தொட்டால் இலை இலையாகக் கழன்று வந்துவிடுகிறது. தண்ணீர் போதாமல்தான் செத்தது என்று எண்ணி, அடுத்து வாங்கும் செடியை முன்னைவிட அதிகமாக நனைக்கிறோம். அதுவும் அதே வழியில் போகிறது. ஜொகூரின் ஈரக்காற்றில் இந்தச் செடிக்குத் தண்ணீர் கொடுப்பது எளிய வேலை. கொடுத்த தண்ணீர் சில மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வழி செய்வதே பராமரிப்பின் பெரும்பகுதி என்பது என் கருத்து.

செடி எப்படிக் குடிக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். காற்றுச்செடியின் வேர் பெரும்பாலும் கிளையைப் பற்றிக்கொள்வதற்கு மட்டுமே. குடிக்கும் வேலையைச் செய்பவை இலைகளின் மேல் நெருங்கி அமைந்திருக்கும் நுண்ணிய செதில்கள். அவை காய்ந்திருக்கும்போது நிமிர்ந்து நின்று வெயிலைத் திருப்பி அனுப்பும். இலை வெள்ளி பூசியதுபோல் தெரிவது அதனால்தான். நனைந்ததும் படிந்து நீரை உள்ளே இழுக்கும். இலை பச்சையாக மாறும். ஆனால் நீர்ப்படலம் இலைமேல் இருக்கும்வரை கரியமில வாயு உள்ளே நுழைவது கடினம். இங்கேதான் அன்னாசியின் உறவு நமக்கு உதவுகிறது. அன்னாசியைப் போலவே டில்லான்சியாவும் பொதுவாகப் பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்குகிறது. அதை அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகிறது. இரவெல்லாம் ஈரமாகக் கிடக்கும் செடி அன்றைய உணவுக்கான சரக்கை வாங்க முடியாமல் போகிறது. கூடவே, இலைகள் ஒன்றையொன்று தழுவும் அடிப்பகுதியில் தேங்கும் நீர் அழுகலுக்கு இடம் கொடுக்கிறது. மாலையில் வேலை முடிந்து வந்து செடிகளுக்கெல்லாம் நீர் விடும் பழக்கம் மற்றச் செடிகளுக்குப் பொருந்தலாம், இதற்குக் காலைதான் நல்ல நேரம்.

இந்தச் செடிகள் மழைக்காடுகளிலிருந்து வந்தவை அல்லவா, ஈரம் எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் தென்பகுதி முதல் அர்ஜென்டினா, சிலி வரை பரவிய இந்த இனத்தில் பல நூறு வகைகள் உண்டு. மென்மையான பச்சை இலை கொண்டவை ஈரமான காடுகளுக்குரியவை. அவை நம் ஊர்க் காற்றைத் தாங்கும். ஆனால் வெள்ளி நிற இலை கொண்டவற்றுள் பல, வறண்ட வெளிகளில் வளர்பவை. பெருவின் கடலோரப் பாலைவனத்தில் வேரூன்றாமல் மணல்மேல் கிடந்தே வாழும் டில்லான்சியாக்கள் உண்டு. மழையே அரிதான அந்த நிலத்தில் கடலிலிருந்து வரும் பனிமூட்டம்தான் அவற்றுக்கு நீர். காட்டு மரக்கிளையில் இருப்பவையும் திறந்த உயரத்தில் இருப்பதால் மழை நின்றதும் காற்று அவற்றை உலர்த்திவிடும். நம் வரவேற்பறைக்குள் வந்து சேராதது அந்தக் காற்றுதான்.

தீபகற்ப மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியாக 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. ஜொகூரில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். குளிர்காலத்தில் வெப்பமூட்டியால் காய்ந்துபோகும் மேலைநாட்டு வீடுகளில் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கலாம். வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்ற அறிவுரை அத்தகைய வீடுகளுக்குப் பொருந்துவது. அதை அப்படியே இங்கே, அதுவும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், கடைப்பிடிப்பது செடிக்குக் கேடு. வாரம் ஒன்றிரண்டு முறை காலையில் நன்றாக நனைத்து, தலைகீழாகப் பிடித்து உதறி, காத்தாடிக்குக் கீழேயோ திறந்த சன்னலோரத்திலோ வைத்தால் போதும். நான்கு மணி நேரத்தில் காயவில்லை என்றால் நீரைக் குறைப்பதோடு இடத்தையும் மாற்ற வேண்டும். பரிசுப்பொருளாகக் கிடைக்கும் கண்ணாடி உருண்டைகளை இந்த ஊரில் நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அழகுதான், ஆனால் அதற்குள் காற்று ஓடுவதில்லை.

குளிர்சாதன அறை இதற்கு விதிவிலக்கு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அலுவலகத்தில் காற்று வறண்டுவிடும். இலைகள் உள்நோக்கிச் சுருண்டு நுனி பழுப்பாகும். அங்கே வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஊறவைப்பதில் தவறில்லை. எந்த அறையானாலும் வெளிச்சம் வேண்டும். நேர்வெயில் படாத, ஆனால் பகலில் விளக்குப் போடாமலே படிக்கக்கூடிய இடம் நல்லது. செம்புக் கம்பியால் கட்டக் கூடாது. இக்குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு நஞ்சு. மழைநீர் மிகவும் நல்லது. ஆனால் வாளியில் பிடித்து வைப்பவர் மூடி வைக்க வேண்டும். ஏடிஸ் கொசு பெருக இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், டிங்கி வந்தவரின் வேதனை போதாதா? இலைக்கிண்ணத்தில் நீரைத் தேக்கும் புரோமிலியாட் வகைகளுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

புகைமூட்டம் சூழும் காலங்களில் இச்செடிகள் அறைக்காற்றைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1989ஆம் ஆண்டு நாசா ஆய்வு, அடைத்த சிறு பெட்டிக்குள் பொதுவான வீட்டுச்செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து மறுபடி கணக்கிட்ட டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸ், வாரிங் இருவரும் 2019இல் வெளியிட்ட முடிவு வேறு. காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். டில்லான்சியா காற்றிலுள்ள உலோகத் துகள்களை உறிஞ்சிக்கொள்வது உண்மைதான். மாசை அளக்க ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அளக்க உதவும் செடி என்பதால் அது அறையைச் சுத்தம் செய்துவிடும் என்று ஆகாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இதை நம்பி மருந்தையும் முகக்கவசத்தையும் கைவிடக் கூடாது.

எனக்கு மிகவும் நியாயமாகப் படும் மறுப்பு வேறொன்று. செம்பனை மரத்தின் மட்டைக் காம்புகளுக்கிடையே தானாக முளைக்கும் பெரணிகளும், சாலையோர மரங்களில் கூடுபோல் விரியும் பறவைக்கூட்டுப் பெரணியும் மண்ணில்லாமல் வாழ்பவைதானே. அயல்நாட்டுச் செடி எதற்கு? வாசலிலும் மாடியிலும் இடமுள்ளவர்கள் அவற்றையே வளர்க்கட்டும் என்பேன். நம் மழைக்கும் வெப்பத்துக்கும் பழகியவை அவை. அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத்தில் கையளவு இடமே உள்ளவர்களுக்குக் காற்றுச்செடி பொருந்தும். அவர்கள் காட்டிலிருந்து பறிக்காமல் பண்ணையில் பெருக்கியதைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய வெள்ளி உருண்டையாகச் சுருளும் டில்லான்சியா சிரோகிராபிகா, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பொதுவாக ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும். பின் அடியில் கன்றுகள் விட்டு மெல்ல ஓய்ந்துவிடும். கன்று தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்கையாவது எட்டிய பிறகு பிரித்துக் கொடுத்தால், பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கே போக வேண்டியதில்லை.