அழைப்பும் விடையும்

மக்களின் கருத்தை அறிய விரும்புவோர் இக்காலத்தில் இணையத்தில் வினாக்களை அமைத்து, விடையளிக்குமாறு மின்னஞ்சல் வழியே அழைப்பு விடுக்கின்றனர். நொடிப்பொழுதில் பல்லாயிரவர்க்கு அழைப்புச் சென்று சேரும். ஆயின், அழைப்பின் மிகுதியே ஆய்வுக்கு மெய்ம்மை அளித்துவிடுமோ?

1936ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வினாச் சீட்டுகளை விடுத்தது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகள் வந்து குவிந்தன. அவற்றை எண்ணிய இதழ், லாண்டன் வெல்வார் என்று உரைத்தது. முடிவோ வேறாயிற்று, 48 மாநிலங்களுள் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். மிகக் குறைந்த தொகையினரையே வினவிய ஜார்ஜ் காலப் என்பார் அவர் வெற்றியை முன்னரே கூறியிருந்தார்.

இதழின் பிழை யாது? தொலைபேசியோ உந்துவண்டியோ உடையோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான பெயர்கள் எடுக்கப்பெற்றன. வறியோர் பலர் விடுபட்டனர். அழைக்கப்பட்டோருள்ளும் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே விடையளித்தனர். வாளாவிருந்தோர் கருத்து அறியப்படவில்லை.

மின்னஞ்சல் அழைப்புக்கும் இவ்வுண்மை பொருந்தும். முகவரி இல்லாதார் அழைக்கப்படார். அழைக்கப்பட்டோர் பலர் மடலைத் திறவாது விடுவர். ஆதலின், எல்லா வகையினரும் அடங்கிய பட்டியலினின்று சார்பின்றி ஆட்களைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆய்வின் நோக்கத்தை மடலில் தெளிவாகக் கூறுதல் வேண்டும். விடை தாராதவர்க்கு நினைவூட்டு மடலும் விடுத்தல் வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆயின், பானையின் மேற்புறத்தே மட்டும் எடுத்த சோறு அடியின் பதத்தைக் காட்டாது.